படிவுப் பாறையில் விண்கல் மோதலின் தடயம்: அதிர்ச்சி குவார்ட்ஸைக் கண்டுபிடித்து உறுதி செய்ய முழு வழிகாட்டி

மோதல் தடயம் தேடும் வேலையைப் புதிதாக எடுப்பவர்கள் நேராக நுண்ணோக்கியின் முன் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே, பாறையை வெட்டும்போதும் கழுவும்போதும் நடந்து முடிந்தவை. மற்றவை ஒரே இடத்தில் நடக்கின்றன. குவார்ட்ஸ் துகளில் இணைகோடுகள் தெரிந்ததும் "கிடைத்துவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். கோடு தெரிவது தொடக்கம்தான். கோணத்தை அளந்த பிறகே அது சான்றாகும். அந்த அளவு வரைக்குமான வேலையை, செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே தருகிறேன்.

1. எந்தத் தடயத்தைத் தேடுகிறோம்?

மோதல் படிவில் பல வகைத் தடயங்கள் கலந்து கிடக்கலாம்: மோதலின் அதிர்ச்சி அலை தாக்கி உள்ளே சிதைந்த குவார்ட்ஸ் (இதைத்தான் அதிர்ச்சி குவார்ட்ஸ் என்கிறோம்), உருகித் தெறித்து உறைந்த சிறு உருண்டைகள், நிக்கல் நிறைந்த ஸ்பினல் என்ற கனிமம், விண்கல்லிலிருந்தே வந்த குரோமைட் என்ற கனிமம், மேலோட்டில் மிக அரிதான இரிடியம் என்ற உலோகத்தின் மிகுதி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தேடினால் எதுவும் ஒழுங்காக முடியாது, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் பாறையைப் பக்குவப்படுத்தும் விதம் வேறு.

குவார்ட்ஸிலிருந்து தொடங்கச் சொல்வேன். கண்ணாடி உருண்டைகள் சில லட்சம் ஆண்டுகளிலேயே களிமண்ணாக மாறத் தொடங்கிவிடலாம். குவார்ட்ஸ் கோடிக்கணக்கான ஆண்டுகள் அப்படியே இருக்கும். அதைப் பார்க்க ஒரு நல்ல முனைவாக்க நுண்ணோக்கி போதும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. விண்கல் விழுந்த இடத்துப் பாறையில் குவார்ட்ஸ் இல்லையென்றால் அதிர்ச்சி குவார்ட்ஸும் கிடைக்காது. மகாராஷ்டிரத்தின் லோனார் பள்ளத்தை உண்டாக்கிய விண்கல் பசால்ட் என்ற எரிமலைப் பாறையில் விழுந்தது. அங்கே தேட வேண்டியது பிளாஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார் கண்ணாடியாக மாறிய மாஸ்கெலினைட். கடல் தரையில் விழுந்தவற்றுக்கும் இதே சிக்கல்தான். அதனால் குவார்ட்ஸ் கிடைக்காததை வைத்து "மோதலே இல்லை" என்று முடிவு கட்ட வேண்டாம்.

2. கையில் எடுப்பதற்கு முன் தேவையானவை

வெளி வேலைக்கு: அகலமான உளி, துரு இல்லாத கரண்டி, மில்லிமீட்டர் அளவுகோல், புதிய பிளாஸ்டிக் பைகள், அழியாத மை. ஆய்வகத்துக்கு: 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் அல்லது அசிட்டிக் அமிலம், களிமண்ணைப் பிரிக்க சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட், 63 மைக்ரான் நைலான் வலை, கனிமங்களை அடர்த்தி பார்த்துப் பிரிக்கும் சோடியம் பாலிடங்ஸ்டேட் கரைசல், காய்ச்சி வடித்த நீர், எபாக்சி.

கோணம் அளக்க யுனிவர்சல் ஸ்டேஜ் வேண்டும்: தகட்டைப் பல திசைகளில் சாய்த்துச் சுழற்ற உதவும் நுண்ணோக்கி மேடை அது. இதை முதல் நாளே உறுதி செய்துகொள்ளுங்கள். பல துறைகளில் இது எங்கோ ஓர் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். அதன் கண்ணாடி அரைக்கோளம் ஒன்று காணாமல் போயிருக்கும். ஆறு வாரம் துகள் பொறுக்கிய பிறகு அது தெரிய வந்தால் வயிறு எரியும். அது கிடைக்காவிட்டால் தனித் துகளைச் சுழற்றிப் பார்க்கும் ஸ்பிண்டில் ஸ்டேஜ் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

பிளாட்டினம் மோதிரம் போட்டிருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். நகைப் பிளாட்டினத்தில் கடினத்துக்காக இரிடியம் சேர்ப்பது வழக்கம். பிறகு இரிடியம் சோதனைக்கு அனுப்பப் போகும் மாதிரியில் அதன் துளி உரசினாலும் முடிவு கெட்டுப்போகும்.

3. அடுக்கைத் தேர்ந்தெடுத்தல்

மோதல் படிவு என்பது பெரும்பாலும் மெலிந்த ஒரு படலம். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, டைனோசர்கள் அழிந்த காலத்தைக் குறிக்கும் கிரெட்டேசியஸ்–பாலியோஜீன் எல்லையில்கூட, பள்ளத்திலிருந்து தொலைவில் உள்ள இடங்களில் அது ஓரிரு சென்டிமீட்டர் களிமண்தான். எனவே மெதுவாக, அமைதியாகப் படிந்த நீர்நிலைகளின் பாறையைத் தேர்ந்தெடுங்கள்: ஆழ்கடல் சுண்ணாம்புக்கல், ஏரிக் களிப்பாறை, சதுப்பு நில நிலக்கரி. ஆற்று மணற்கல்லில் வெள்ளம் பழையதையும் புதியதையும் கலந்து போட்டிருக்கும்.

புழுக்கள் துளைத்த தடங்கள் நிறைய இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவை படலத்தைக் கிளறி, துகள்களைப் பல சென்டிமீட்டருக்கு மேலும் கீழும் பரப்பிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் கூர்மையான உச்சம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

4. மாதிரி எடுத்தல்: கீழிருந்து மேலே

முதலில் பாறை முகத்தில் 20–30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, வெயிலிலும் மழையிலும் சிதைந்த மேற்பகுதியை நீக்குங்கள். விரிசல்களில் இறங்கிய இன்றைய மணல் அந்தப் பகுதியில்தான் இருக்கும்.

பிறகு மிகக் கீழ் அடுக்கில் தொடங்கி மேலே போங்கள். மேலிருந்து தொடங்கினால், வெட்டும்போது உதிரும் தூள் இன்னும் எடுக்காத கீழ் அடுக்குகள் மேல் விழும். ஒவ்வொரு மாதிரிக்கும் இடையே கரண்டியைத் துடைக்க வேண்டும்.

தடிமன் விஷயத்தில் கஞ்சத்தனமாக இருங்கள். மேற்கு வட அமெரிக்காவின் உள்நாட்டில் கிரெட்டேசியஸ்–பாலியோஜீன் எல்லைப் படிவு இரண்டு அடுக்காக இருக்கிறது. கீழே உருண்டைகள் இருந்த ஒன்றிரண்டு சென்டிமீட்டர் களிமண். அதன் மேல் சில மில்லிமீட்டர் தடிமனில் மட்டும் ஒரு படலம். அதிர்ச்சி குவார்ட்ஸ் அந்த மேல் படலத்தில்தான் குவிந்திருக்கிறது. ஐந்து சென்டிமீட்டர் கட்டியாக வெட்டி எடுத்தவர் அந்தச் சில மில்லிமீட்டரைப் பத்து மடங்கு வெறும் மண்ணோடு கலந்துவிடுகிறார். சந்தேகப்படும் பகுதியில் 5 மில்லிமீட்டர், அதைவிட்டு விலகும்போது 2 சென்டிமீட்டர், பிறகு 10 என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

அரை மீட்டர் கீழேயும் அரை மீட்டர் மேலேயும் ஒவ்வொரு ஒப்பீட்டு மாதிரி கட்டாயம். "இந்தப் படலத்தில் இருக்கிறது" என்பதற்கு மதிப்பு வருவதே "அங்கே இல்லை" என்று காட்டும்போதுதான். இதை விட்டுவிட்டு வந்து, திரும்ப வண்டி பிடித்துப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

5. இடிக்காதீர்கள், கரையுங்கள்

மாதிரியில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் தனியே வைத்துவிடுங்கள். களிமண்ணாக மாறிய உருண்டைகள் நீரில் போட்டதும் கரைந்துபோகும். அவற்றைப் பின்னால் பார்க்க வேண்டுமென்றால் இந்தப் பங்குதான் மிஞ்சியிருக்கும். கைலென்ஸில் உருண்டை தெரிந்தால், நனைப்பதற்கு முன்பே ஊசியால் பொறுக்கிவிடுங்கள்.

உரலில் இடிப்பது வேகமான வழி என்று தோன்றும். அது துகள்களை உடைக்கும், புதிய விரிசல்களை உண்டாக்கும். அந்த விரிசல்களைப் பிறகு நுண்ணோக்கியில் விளக்க வேண்டியிருக்கும். அதனால் கல்லை நகக்கண் அளவுக்குக் கையால் உடைத்து, மீதியை வேதிப்பொருளிடம் விடுங்கள்.

சுண்ணாம்புக்கல் என்றால் 10 சதவீத அமிலத்தில், நுரைப்பது நிற்கும் வரை. குவார்ட்ஸுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. நிலக்கரிப் பகுதி என்றால் ஹைட்ரஜன் பெராக்சைடில் கரிமப்பொருளை நீக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், சூடேறிப் பொங்கும். களிமண்ணுக்கு லிட்டருக்கு 5 கிராம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கலந்து ஓர் இரவு ஊறவிட்டால் போதும்.

மேல் நீரை இறுத்துக் கொட்டும்போது அவசரம் கூடாது. அறை வெப்பத்தில் 20 மைக்ரான் குவார்ட்ஸ் துகள் 10 சென்டிமீட்டர் இறங்க ஏறக்குறைய நாலரை நிமிடம் ஆகும். இரண்டு நிமிடத்தில் கொட்டினால் சிறு துகள்கள் தொட்டிக்குப் போய்விடும். நீர் கலங்காமல் நிற்கும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

6. சலித்தல், கனம் பார்த்துப் பிரித்தல்

63 மைக்ரானுக்கு மேல் ஒரு பங்கு, அதற்குக் கீழே ஒரு பங்கு. இரண்டையும் வைத்திருங்கள். பள்ளத்திலிருந்து தொலைவு கூடக் கூட அதிர்ச்சித் துகள்கள் சிறுத்துக்கொண்டே போகும். பித்தளைச் சல்லடையில் போன வாரத்து மாதிரி சிக்கியிருக்கலாம். ஒவ்வொரு மாதிரிக்கும் புது நைலான் துண்டு வெட்டிப் பயன்படுத்தி எறிந்துவிடுவது நல்லது.

சோடியம் பாலிடங்ஸ்டேட்டை 2.60 அடர்த்திக்குக் கலக்கினால் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் மிதக்கும், 2.65 உள்ள குவார்ட்ஸ் மூழ்கும். பிறகு 2.80-இல் கன கனிமங்கள் அடியில் போகும், குவார்ட்ஸ் மிதக்கும். இந்தக் கரைசல் கால்சியத்தோடு சேர்ந்தால் வெள்ளையாகத் திரிந்து வீணாகும். அதனால்தான் சுண்ணாம்பை முதலில் முழுக்கக் கரைத்து, காய்ச்சி வடித்த நீரில் கழுவிய பிறகே இங்கே வர வேண்டும். படியை மாற்றிச் செய்து விலையுயர்ந்த கரைசலைப் பாழாக்குவது அடிக்கடி நடக்கிறது.

முதல் முறை மிதந்ததைக் கொட்டிவிடாதீர்கள். மிகக் கடுமையாக அதிர்ந்த குவார்ட்ஸின் அடர்த்தி குறைந்துவிடும். பாதி கண்ணாடியான துகள் ஃபெல்ட்ஸ்பாரோடு மேலே மிதக்கும்.

7. கண்ணாடித் தகட்டில் பதித்தல்

முதல் பார்வைக்கு ஒரு சிட்டிகைத் துகளைத் தகட்டில் தூவி, ஒளிவிலகல் எண் 1.55-ஐ ஒட்டிய எண்ணெயில் மூழ்கடித்து மூடுங்கள். குவார்ட்ஸின் எண்கள் 1.544, 1.553. எண்ணெய் இதற்கு நெருக்கமாக இருந்தால் துகளின் விளிம்பும், மேல் கீறல்களும், உடைந்த முகங்களும் மங்கி மறைந்துவிடும்; துகளின் உள்ளே இருப்பது மட்டும் தெரியும். வெறும் நீரில் பார்ப்பவர்களுக்கு எல்லாத் துகளும் கோடு போட்டது மாதிரி தெரிவது இதனால்தான்.

சந்தேகத்துக்குரிய துகள்களை எடுத்து எபாக்சியில் பதித்து, 30 மைக்ரான் தடிமனுக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள். கோணம் அளப்பது இந்தத் தகட்டில்.

8. நுண்ணோக்கியில்: எது அது, எது அதல்ல

தேடுவது சமதளச் சிதைவுத் தளங்களை. ஆங்கிலப் பெயரின் (planar deformation features) சுருக்கமாகப் பேச்சில் எல்லோரும் பி.டி.எஃப் என்றே சொல்கிறார்கள். அதிர்ச்சி அலை படிகத்தின் சில குறிப்பிட்ட தளங்களை மட்டும் ஒழுங்கற்ற, கண்ணாடி போன்ற பொருளாக மாற்றிவிடுவதால் உண்டாகும் மெல்லிய தகடுகள் இவை. அடையாளங்கள்: நேராக இருக்கும், 2 மைக்ரானுக்கும் மெலிந்தவை, ஒன்றுக்கொன்று 2 முதல் 10 மைக்ரான் இடைவெளி, பல திசைகளில் ஒன்றையொன்று வெட்டும் தொகுதிகளாக வரும்.

40 மடங்கு லென்ஸில், ஒளித்துளையைச் சுருக்கி, குவியத்தை மெதுவாக மேலும் கீழும் நகர்த்துங்கள். மேற்பரப்புக் கீறல் ஒரே மட்டத்தில் தெரிந்து உடனே காணாமல் போகும். சிதைவுத் தளம் துகளுக்குள் இறங்கும். குவியத்தை நகர்த்த நகர்த்தக் கோடுகள் பக்கவாட்டில் மெல்ல ஊர்வது போலத் தெரியும். இந்த ஊர்வதை ஒருமுறை பார்த்துவிட்டால் கண் பழகிவிடும்.

மிகப் பழைய பாறையில் இன்னொன்றைக் கவனியுங்கள். காலப்போக்கில் கண்ணாடிப் பொருள் மீண்டும் படிகமாகி, அது இருந்த தளத்தில் நுண்ணிய திரவக் குமிழிகள் மட்டும் வரிசையாக நிற்கும். அப்போது முழுக் கோடு தெரியாது, புள்ளிக்கோடுதான் தெரியும். புள்ளிகள் நேர்கோட்டில், சமமாக, இணையாக இருந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

இனி ஏமாற்றுபவை. மலை உருவாக்கத்தில் மெதுவாக நசுங்கிய குவார்ட்ஸிலும் கோடுகள் உண்டு. அவை தடித்தவை, லேசாக வளைந்தவை, பெரும்பாலும் ஒரே தொகுதி. குறுக்கு முனைவாக்கியில் (ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரண்டு முனைவாக்கிகளுக்கு இடையே) துகள் அலையலையாக இருளும். மீண்டும் ஒட்டி மூடிய பழைய விரிசல்களில் சிக்கிய குமிழி வரிசைகள் கோணல்மாணலாக ஓடும், இடைவெளி சீராக இருக்காது.

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது பிளாஜியோகிளேஸ். ஒரு முறை மாணவர் ஒருவர் நாற்பதுக்கும் மேல் துகள்களை வட்டமிட்டுக்கொண்டு வந்தார். கோடுகள் அத்தனை நேர்த்தி. கத்தியால் வெட்டியது மாதிரி இருந்தன. குறுக்கு முனைவாக்கியைப் போட்டு மேடையைச் சுழற்றியதும் கோடுகள் ஒன்றுவிட்டு ஒன்று கறுத்து வெளுத்தன. அது இரட்டைப் படிக அமைப்பு; எல்லாமே ஃபெல்ட்ஸ்பார். சிதைவுத் தளங்கள் அப்படி மாறி மாறி இருளாது. எனவே கோட்டைப் பார்ப்பதற்கு முன் துகள் குவார்ட்ஸ்தானா என்பதைக் குறுக்கு முனைவாக்கியில் குவிந்த ஒளி தரும் குறுக்கீட்டு உருவத்தை வைத்து உறுதி செய்யுங்கள்: குவார்ட்ஸுக்கு அது ஓரச்சு, நேர்க்குறி. ஒரு நிமிட வேலை.

மின்னல் தாக்கி உருகிய மண்ணிலும் இதே மாதிரிக் கோடுகள் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அங்கே அவை உருகிய கண்ணாடியை ஒட்டிய மிக மெல்லிய ஓரத்தில் மட்டும் நிற்கும். ஒரு படலம் முழுக்கப் பரவியிருக்காது.

9. கோணத்தை அளத்தல்

இதுதான் வேலையின் உயிர்நாடி. அதிர்ச்சி அலை படிகத்தைக் கண்டபடி வெட்டுவதில்லை. குவார்ட்ஸ் படிகத்தின் முதன்மை அச்சான சி அச்சோடு குறிப்பிட்ட கோணங்களில் உள்ள தளங்களையே அது தேர்ந்தெடுக்கிறது. தளத்தின் செங்குத்துக்கோட்டுக்கும் சி அச்சுக்கும் இடையிலான கோணம் பெரும்பாலும் 0°, 23°, 32° ஆகியவற்றில் குவியும். 48°, 52° போன்றவையும் குறைந்த அளவில் வரும். மெதுவாக நசுங்கிய குவார்ட்ஸில் இப்படிக் கூர்மையான குவியல்கள் வருவதில்லை. இந்தத் தளங்கள் உருவாக ஏறக்குறைய 10 கிகாபாஸ்கல் வேண்டும். அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஒரு லட்சம் மடங்கு, அதுவும் ஒரே அடியில். எரிமலையாலும் நிலநடுக்கத்தாலும் குவார்ட்ஸுக்கு அதைக் கொடுக்க முடியாது.

யுனிவர்சல் ஸ்டேஜில் 1.554 ஒளிவிலகல் எண் உள்ள அரைக்கோளங்களைப் பொருத்துங்கள். குவார்ட்ஸுக்கு நெருக்கமாக இருப்பதால் திருத்தம் தேவைப்படாது. முதலில் சி அச்சின் திசையைக் கண்டு பதிவு செய்யுங்கள். அதன் பிறகே தளங்களுக்குப் போக வேண்டும். அச்சு தப்பாக இருந்தால் அந்தத் துகளின் எல்லாக் கோணமும் தப்பு. அடுத்து ஒவ்வொரு தொகுதியையும் சாய்த்து, கோடுகள் மிக மெலிந்து கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். அப்போது தளம் நேர்குத்தாக நிற்கிறது. சுழற்சி, சாய்வு இரண்டையும் எழுதி, கோள வலைத் தாளில் (முப்பரிமாணத் திசைகளைத் தாளில் குறிக்கும் ஸ்டீரியோநெட்) குறியுங்கள்.

சாய்க்காமல் தட்டையாகப் பார்த்தால், கிட்டத்தட்ட நேர்குத்தாக நிற்கும் தளங்கள் மட்டுமே தெரியும். ஒரு கோடுகூட இல்லை என்று ஒதுக்கிய துகளைச் சாய்த்ததும் இரண்டு தொகுதிகள் வெளிவருவது சாதாரணம்.

ஓர் எடுத்துக்காட்டு. 160 மைக்ரான் துகள், இரண்டு தொகுதிகள். சி அச்சோடு முதலாவது 22°, இரண்டாவது 24°. இரண்டும் 23°-க்குப் பக்கம், நல்லது. ஆனால் இங்கேயே நின்றுவிடக் கூடாது. தொகுதிகள் இரண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தையும் பாருங்கள்: 39°. சி அச்சைச் சுற்றி 120° தள்ளி நிற்கும் இரண்டு 23° தளங்களுக்கு இடையே கணக்குப்படி 39.5° வர வேண்டும். பொருந்துகிறது. இரண்டு தொகுதிகள் உள்ள ஒரு துகள் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்கிறது. ஒற்றைத் தொகுதி உள்ள துகளில் அந்த வசதி இல்லை. அதனால் பல தொகுதித் துகள்களுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

5° வரை பிழையை ஏற்கலாம். 18°-க்கும் ஒரு தளம் இருக்கிறது. பிழை வரம்புக்குள் அது 23°-உடன் மோதும். அப்படி இரண்டுக்கும் பொருந்தும் அளவைத் தனியே குறியுங்கள், வசதியான பக்கம் தள்ளிவிடாதீர்கள்.

10. எண்ணிக்கை

பார்த்த குவார்ட்ஸ் துகள் எத்தனை, தளங்கள் உள்ளவை எத்தனை, அவற்றில் எத்தனை தொகுதிகள் அளந்தீர்கள், எத்தனை எந்தக் கோணத்திலும் பொருந்தவில்லை: நான்கையும் ஒவ்வொரு அடுக்குக்கும் எழுதுங்கள், ஒப்பீட்டு மாதிரிகளுக்கும் சேர்த்து. பொருந்தாதவற்றை விட்டுவிட்டு வரையும் வரைபடம் எப்போதும் அழகாகவே இருக்கும், அதனால்தான் அதை நம்ப முடியாது. இரண்டு மூன்று துகளை வைத்து முடிவு சொல்ல வேண்டாம். சில பத்து தொகுதிகளாவது வேண்டும். முடிந்தால் ஒப்பீட்டு மாதிரி எது, சந்தேக மாதிரி எது என்று தெரியாத ஒருவரை எண்ணச் சொல்லுங்கள்.

11. அதிர்ச்சி உண்டு, ஆனால் மோதல் இந்த அடுக்கின் காலத்ததா?

இதைத் தனியாகக் கேட்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் வ்ரெடெஃபோர்ட் மோதல் ஏறக்குறைய 202 கோடி ஆண்டுகள் பழையது. அது அரிக்கப்பட்டு, அதிர்ந்த சிர்கான் என்ற கடினக் கனிமத்தின் துகள்கள் இன்றைய வால் ஆற்றின் மணலில் கிடக்கின்றன. அந்த மணல் நாளை கல்லானால், அதில் ஒருவர் அதிர்ச்சித் துகளைக் கண்டு "இந்த அடுக்கின் காலத்தில் விண்கல் விழுந்தது" என்று சொன்னால் 200 கோடி ஆண்டு பிழை.

மூன்று விஷயங்களைப் பாருங்கள். துகள்கள் ஒரே மெல்லிய படலத்தில் குவிந்து, மேலும் கீழும் சட்டென்று குறைகின்றனவா? விளிம்புகள் கூராக இருக்கின்றனவா, உருண்டு தேய்ந்திருக்கின்றனவா? அதே படலத்தில் உருண்டைகள் இருக்கின்றனவா? கண்ணாடி உருண்டை நீண்ட ஆற்றுப் பயணத்தைத் தாங்காது என்பதால் மூன்றாவதுக்கு எடை அதிகம். 5-ஆம் படியில் தனியே வைத்த பங்கு இப்போது பயன்படும்.

12. மற்ற சோதனைகளுக்கு அனுப்புதல்

குவார்ட்ஸ் உறுதியான பிறகே இரிடியம் சோதனைக்குப் போங்கள். கண்டத்து மேலோட்டில் இரிடியம் நூறு கோடியில் ஒரு பங்கைவிடவும் மிகக் குறைவு. பல விண்கற்களில் நூறு கோடியில் சில நூறு பங்கு. 1980-இல் இத்தாலியின் குப்பியோ களிமண்ணில் பின்னணியைப் போல 30 மடங்கும், டென்மார்க்கின் ஸ்டெவ்ன்ஸ் கிளின்ட்டில் 160 மடங்கும் வந்தது இந்த வேறுபாட்டால்தான். ஆனால் படிவு மிக மெதுவாகச் சேர்ந்தாலோ, கடலடியின் வேதிநிலை மாறினாலோ விண்கல் இல்லாமலும் இரிடியம் ஓரளவு கூடும். தனியாக அதை மட்டும் காட்டினால் கேள்விக்குப் பதில் இருக்காது.

ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் அரித்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் சிதைவுத் தளங்கள் பள்ளக்கோடுகளாகத் தெளிவாகத் தெரியும். கண்ணாடிப் பொருள் முதலில் கரைவதே காரணம். இந்த அமிலத்தைப் பயிற்சி பெற்றவர் இல்லாமல், கால்சியம் குளுக்கோனேட் களிம்பு பக்கத்தில் இல்லாமல் தொடவே கூடாது. தோலில் பட்ட உடனே பெரும்பாலும் வலிக்காது. உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் தெரியும். அதற்கென்று ஏற்பாடு உள்ள ஆய்வகத்துக்கே துகளை அனுப்பிவிடுங்கள். அனுப்பும் முன் ஒவ்வொரு துகளின் படத்தையும் தகட்டில் அது இருக்கும் இடத்தையும் பதிவு செய்துவையுங்கள். அரித்த துகளில் கோணத்தை மறுபடி அளக்க முடியாது.

விண்கல் குரோமைட் முற்றிலும் வேறு வேலை. சுவீடனின் கின்னெகுல்லே பகுதியில், சுமார் 46.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சுண்ணாம்புக்கல்லில் அதைத் தேடியவர்கள் பெரும் எடையில் பாறையைக் கரைத்துத்தான் கண்டெடுத்தார்கள். ஒரு கிலோ பையோடு அதில் இறங்க வேண்டாம். ஆனால் 6-ஆம் படியில் அடியில் போன கன கனிமங்களைக் கழுவி, உலர்த்தி, அடுக்கின் எண்ணை எழுதி எடுத்துவையுங்கள். அந்தத் துகள்களுக்கு இடையே கரிய, பளபளக்கும், எண்முகத் துகள் ஒன்று தென்பட்டால் அதன் வேதியமைப்பைப் பார்க்கச் சொல்லிக் கேட்க அது போதும்.